கண்ணுக்குக் கீழே ஒரு மீன்

என் கண்ணுக்குக் கீழே மீன் இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சால்மன் மீனிலிருந்து எதையோ எடுத்து, சுத்தம் பண்ணி, தண்ணீர் மாதிரி ஆக்கி, அதை ஊசியில் ஏற்றி, என் இரண்டு கண்ணுக்குக் கீழேயும் ஒரு சீன டாக்டரம்மா குத்தி வைத்தார். அறுபதைத் தொடப் போகிற, தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற ஆம்பளைக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். "கல்யாண மாப்பிள்ளை நீங்களா, அவனா?" என்றாள்.

முப்பத்தோரு வருஷமாக இதே வேலைதான். மலாக்காவில் டுரியான் துங்கால் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் ஆள் ஏற்றி, பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலைகளின் வாசலில் இறக்க வேண்டும். காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. அதற்கு நான் நாலு மணிக்கு எழ வேண்டும். சாயங்காலம் மறுபடி ஒரு நடை. இடையில் மதியம் தூங்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். மதியத் தூக்கம் எனக்கு வராது. வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டும் மிஷினைக் கிளப்பிவிடுவான்.

அதனால் என் கண்ணுக்குக் கீழே நாற்பது வயதிலேயே கறுத்துவிட்டது. ஐம்பதில் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகி, சுருங்கி, கொஞ்சம் தொங்கவும் ஆரம்பித்தது. பஸ்ஸில் ஏறுகிற மலாய்க்கார அக்காக்கள், "அங்கிள், தாக் தீடோர் கா?" என்று தூங்கவில்லையா எனக் கேட்பார்கள். துடுக்கான ஒன்றிரண்டு பேர் மட்டும், "அங்கிள், மாபோக் கா?" என்று போதையா எனக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவேன். அப்போது அது எனக்கு வலிக்கவில்லை.

ஏனென்றால் நான் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இதில் பெருமை ஒன்றும் இல்லை. குடிக்காமலேயே எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது, குடித்தால் என்ன ஆவேன் என்று இருபது வயதிலேயே பயந்து ஒதுங்கிவிட்டேன். நான் பிறந்த தோட்டத்தில் சம்சு குடித்துவிட்டுச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் நிதானத்தில் என்னைவிடச் சாதுவானவர்கள்.

எங்களுக்கு ஒரே மகள். இருபத்தொன்பது வயது. மலாக்கா டவுனில் முகத்துக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு கிளினிக்கில் முன்மேசையில் வேலை. தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கிற ஒரு பையனை இரண்டு வருஷமாகத் தெரியும் என்றாள். நல்ல பையன். வீட்டுக்கு வந்தால் செருப்பை ஓரமாக, ஜோடியாக விட்டுவிட்டு வருவான். எனக்கு அதுவே போதும். அவனுக்கு அப்பா இல்லை. குடித்தே போய்ச் சேர்ந்தவர். அம்மாதான் பள்ளிக்கூட கேன்டீனில் சமைத்து அவனை ஆளாக்கியது.

அந்த அம்மாவுக்கு எங்கள் குடும்பப் படம் ஒன்றை மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். என் கொழுந்தியாள் மகன் கல்யாணத்தில் எடுத்தது. அன்று காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, குளித்தும் குளிக்காமலும் மண்டபத்துக்கு ஓடினேன். படத்தில் மனைவி பட்டுப்புடவையில் ஜம்மென்று நிற்கிறாள். மகள் சிரிக்கிறாள். நடுவில் நான், இரண்டு நாள் லாக்கப்பில் இருந்து வந்தவன் மாதிரி.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டு அடுப்படியில் மகள் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். மனைவி என்னைப் பார்த்ததும் வெங்காயம் நறுக்குகிற மாதிரி பாவனை பண்ணினாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள். நான் விடவில்லை.

"பையனோட அம்மா நம்மளப் பத்தி விசாரிச்சாங்களாம். நீங்க தண்ணி போடுவீங்களான்னு" என்றாள்.

"யாரு? நானா?"

"போட்டோவப் பாத்திருக்காங்க. கண்ணப் பாத்தா அப்படித்தான் தெரியுதாம். அவங்க பட்ட பாடு அப்படிங்க, கேக்கத்தானே செய்வாங்க?"

எனக்கு வந்ததே கோபம்! பஸ் சாவியை மேசையில் வீசினேன். அது தெறித்துப்போய் ரசச் சட்டிக்குள் விழுந்தது. "முப்பத்தோரு வருஷம் லைசன்ஸ்ல ஒரு கீறல் இல்ல! என்னைப் பாத்துக் குடிகாரன்னு சொல்றதா? கூப்புடு அந்தம்மாவ, இப்பவே கூப்புடு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மனைவி கரண்டியால் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "இப்படிக் கத்துனீங்கன்னா கேக்குறவங்க உறுதியா முடிவு பண்ணிருவாங்க."

மகள் சிரிக்கவில்லை. "அவங்க அம்மா வேணாம்னு சொன்னா அவரு கட்ட மாட்டாருப்பா. அந்தம்மாவ அழவச்சிட்டு நடக்குற கல்யாணம் எனக்கும் வேணாம்லா" என்றாள். மூன்று வாரம் கழித்து அந்த அம்மா எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருக்கிறது என்றும், அதற்குப் பிறகுதான் முடிவு சொல்வாராம் என்றும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் உள்கண்ணாடியைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தேன். அத்தனை வருஷம் அந்தக் கண்ணாடி எனக்குப் பின்னால் தூங்குகிறவர்களைத்தான் காட்டியது. அந்த அம்மா சொன்னதில் தப்பில்லை. பஸ்ஸில் இப்படி ஒரு ஆள் ஏறினால் நானே முன்சீட்டில் உட்கார விடமாட்டேன்.

அன்று மாலை மகளிடம் மெதுவாகக் கேட்டேன். "பாப்பா, உங்க கிளினிக்குல கண்ணுக்குக் கீழ ஏதோ ஊசி போடுவாங்கன்னு சொன்னியே?"

அவள் என்னை ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்தாள். "யாருக்குப்பா?"

"யாருக்கோ."

கேட்டுக்கொண்டிருந்த மனைவி அப்போதுதான் மாப்பிள்ளை நீங்களா அவனா என்றாள். ஆனால் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காக நீங்க ஊசியெல்லாம் போட்டுக்க வேணாம்பா" என்றாள். "உனக்காக யாருடி போடுறது? எனக்கே ஆசையா இருக்கு" என்று பொய் சொன்னேன். ஊசி என்றால் எனக்கு உயிர் போகும். ரத்தம் எடுக்கவே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிற ஆள் நான்.

வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கென்று கிளினிக்கில் சகாய விலை உண்டு. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். காத்திருக்கிற இடத்தில் ஆறு பெண்கள், ஒரு ஆம்பளை நான். எல்லாரும் என்னை மகளை அழைத்துப்போக வந்த டிரைவர் என்று நினைத்திருப்பார்கள். ஒரு வகையில் அதுவும் உண்மைதான்.

டாக்டரம்மா என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கண்ணுக்குக் கீழே தோலை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். மலாயும் இங்கிலீஷும் கலந்து பேசினார், மகள் தமிழில் சொன்னாள். தோல் ரொம்ப மெலிந்துவிட்டது. இந்த ஊசி தோலைத் தானாகவே திரும்ப வளர வைக்கும். கறுப்பும் சுருக்கமும் குறையும். ஆனால் தொங்குகிற பையை இது கரைக்காது, அதற்கு ஆபரேஷன்தான் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. டயர் மாற்ற வேண்டும் என்றால் மாற்ற வேண்டும் என்று சொல்கிற மெக்கானிக் அபூர்வம்.

"அங்கிள், இக்கான் மாக்கான் போலே?" என்று கேட்டார்.

"மீன் உங்களுக்கு ஒத்துக்குமான்னு கேக்குறாங்கப்பா."

"மீனா? தலைக்கறின்னா உசுரு. எதுக்கு, ஊசி போட்டதும் சாப்பாடு குடுப்பாங்களா?"

"இந்த மருந்து மீன்லேர்ந்து எடுத்ததுப்பா. மீன் ஒத்துக்காதவங்களுக்குப் போட மாட்டாங்க."

"மீன்ல எந்தப் பக்கம்? தலையா, வாலா?"

மகள் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். டாக்டரம்மாவுக்கு என் கேள்வி புரிந்துவிட்டது போல, முகக்கவசத்துக்குள் சிரித்தார். "டி.என்.ஏ.ப்பா. பேசாம படுங்கலா" என்றாள் மகள். எந்தப் பக்கம் என்பதை அப்புறம் மனைவிதான் போனில் தேடிக் கண்டுபிடித்தாள். இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அதை இங்கே எழுத மாட்டேன். தலையும் இல்லை, வாலும் இல்லை, ஆண் மீன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மரத்துப்போகிற கிரீமைத் தடவி முக்கால் மணி நேரம் படுக்க வைத்தார்கள். அப்புறம் குத்தினார்கள். வலி என்று பெரிதாக இல்லை. எறும்பு வரிசையாக நடந்து, ஒவ்வொன்றும் ஒரு கடி கடித்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டபோது அவள் என் கையை இப்படித்தான் நசுக்கினாள். இப்போது பழிக்குப் பழி நசுக்கிவிட்டேன்.

எழுந்து கண்ணாடியைப் பார்த்தால், கண்ணுக்குக் கீழே கொசு கடித்த மாதிரி வரிசையாகத் தடிப்பு. "இதென்ன, இருந்ததுக்கு மேல ரெண்டு பங்கு வீங்கியிருக்கு!" என்றேன். ஒன்றிரண்டு நாளில் வற்றிவிடும், சிலருக்கு ரத்தம் கட்டி ஒரு வாரம் நிற்கும், தேய்க்காதே, எதையும் தடவாதே, முழுப் பலன் தெரிய இன்னும் இரண்டு மூன்று தடவை போட வேண்டும், இரண்டு மாதமாவது பொறு என்றார் டாக்டரம்மா. எனக்குப் பெட்ரோல் ஊற்றியதும் வண்டி ஓடிப் பழக்கம். இரண்டு மாதமா என்று மலைத்தேன். ஆனால் அந்த அம்மா வர இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது, கொஞ்சமாவது தெளிந்துவிடும் என்று சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. பையனின் தாய்மாமா அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்புகிறாராம். திரும்பி வர மூன்று மாதம் ஆகுமாம். அவர் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம்.

"முடியாதுன்னு சொல்லு" என்றேன்.

"ஏற்கெனவே சந்தேகம். இப்ப வராதீங்கன்னா என்னா நெனப்பாங்க?" என்றாள் மனைவி. அவள் சொல்வது சரி. அவள் சொல்வது எப்போதும் சரியாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

வெள்ளிக்கிழமை தடிப்பு வற்றியது. இடது கண்ணுக்குக் கீழே மட்டும் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. அது பரவாயில்லை, சமாளித்திருப்பேன். சனிக்கிழமை என் அக்கா வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கூடமாட ஒத்தாசை பண்ண டுரியான் துங்காலிலிருந்து வந்த அக்கா, என் முகத்தைப் பார்த்ததும் பையை வாசலிலேயே போட்டுவிட்டது.

"ஐயையோ தம்பி, யாருடா உன்னை அடிச்சது?"

விஷயத்தைச் சொன்னேன். ஊசி போட்ட வீக்கத்துக்கு மஞ்சள் பத்துப் போடாமல் விட்டிருக்கிறாயே, உன் பொண்டாட்டிக்கு இது கூடவா தெரியாது என்று அக்கா கடிந்துகொண்டது. எதையும் தடவக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "மஞ்ச என்ன கண்டதாடா? சாமிக்கே பூசுறோம்" என்றது அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தது. எனக்கு வேப்பெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கை அது. அந்தக் கையிடம் நான் எப்போது ஜெயித்திருக்கிறேன்? கஸ்தூரி மஞ்சளையும் சந்தனத்தையும் இழைத்து இரண்டு கண்ணுக்குக் கீழேயும் கெட்டியாக அப்பிவிட்டது. குளுகுளுவென்றுதான் இருந்தது. நாற்காலியில் சாய்ந்தவன், அந்த மதியத்தில், முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கிப்போனேன்.

மகள் வேலை முடிந்து வந்து போட்ட கூச்சலில்தான் எழுந்தேன். "அத்தை! ஊசி போட்ட எடத்துல போய் இத யாராவது தடவுவாங்களா?" டாக்டரம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். சுத்தமாகக் கழுவு, வீங்கினாலோ சூடாக இருந்தாலோ உடனே வா என்று பதில் வந்தது. கூடவே அழுகிற முகமும் சிரிக்கிற முகமும் ஒன்றாக. கழுவினோம். புண் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் மஞ்சள் போகவில்லை. ஊதாவைச் சுற்றி மஞ்சள். மஞ்சளைச் சுற்றி என் கறுப்பு. கண்ணாடியில் பார்த்தால், சாலையோர ஒட்டுக்கடையில் எவனிடமோ வம்பு இழுத்து, நாலு நாள் முன்னால் குத்து வாங்கிய குடிகாரன் அச்சு அசலாக நின்றான்.

மகள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேக்கப் டப்பாவோடு வந்தாள். "கொஞ்சமா பூசி மறைச்சிடுறேன்பா." எனக்குச் சுர்ரென்றது. "மூஞ்சியில பவுடர் அப்பிக்கிட்டு சம்பந்தம் பேச மாட்டேன். வர்றவங்க வரட்டும், பாக்கறவங்க பாக்கட்டும்" என்றேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டு போனாள். போன பிறகு, பூசிக்கொண்டிருக்கலாமோ என்று தோன்றியது. கூப்பிட ரோஷம் விடவில்லை.

பதினொரு மணிக்கு வந்தார்கள். பையன், அவன் அம்மா, தாய்மாமா, மாமாவின் மனைவி. அந்த அம்மா ஒல்லியாக, நூல் புடவையில், கையில் பழத் தட்டோடு இருந்தார். "வாங்கம்மா, வாங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். அப்புறம் பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டார். மாமாவோ வைத்த கண் வாங்காமல் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால் அவருக்கும் கண்ணுக்குக் கீழே என்னைப் போலவே தொங்கல்.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. "தேத்தண்ணி நான் போடுறேன்" என்று அடுப்படிக்குள் ஓடினேன். பெண் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை என்று அக்கா முணுமுணுத்தது. எங்கள் வீட்டில் தேத்தண்ணி இழுத்து ஆற்றுவது எப்போதும் இவர்தான், அது எல்லாருக்கும் தெரியும் என்று மனைவி சமாளித்தாள். படபடப்பில் எட்டுக் கப்பிலும் விளிம்பு வரை ஊற்றிவிட்டேன். திரும்பக் கொட்டவும் நேரமில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து, குனிந்து குனிந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். எங்கே என் முகத்தைப் பார்க்கிறார்களோ என்று தட்டையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மாமா ஒரு வாய் குடித்தார். "தே நல்லாருக்கு. ஆமா, கண்ணுக்கு என்னாச்சு ஐயா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உள்ளே என்னவோ அறுந்துவிட்டது.

"சொல்றேன் ஐயா. நான் குடிக்கிறேன்னு உங்க வீட்டுல சந்தேகப்பட்டாங்க. நான் பொறந்ததுலேர்ந்து ஒரு சொட்டுத் தொட்டதில்ல. இந்தக் கண்ணு நாலு மணிக்கு எழுந்து எழுந்து கெட்ட கண்ணு. சந்தேகம் வரக் கூடாதேன்னு என் மக வேலை செய்யற எடத்துல மீன் ஊசி போட்டுக்கிட்டேன். ரத்தம் கட்டிருச்சு. அதுக்கு மேல எங்கக்கா மஞ்சளப் பூசிருச்சு. இதுதான் கதை. நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க!"

கடைசி நாலு சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. வாயை விட்டு வந்த பிறகு பிடிக்க முடியுமா? மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "மீன் ஊசியா!" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பையன் இருமுகிற மாதிரி வாயை மூடிக்கொண்டான். அக்கா, "நல்ல மஞ்சதான் போட்டேன்" என்றது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கப்பைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எல்லாரும் ஒரு நாளைக்கு நம்ம வீட்டுக்கு வாங்க அண்ணே. அங்க பேசிக்குவோம்" என்றார். அவ்வளவுதான். கிளம்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. மகள் வழக்கம்போல எனக்குப் பசியாற ரொட்டி வாங்கி வந்து வைத்தாள். அவளுடைய போன் அடித்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். பஸ் ஓட்டும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. என் வாயால் என் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே. குடித்திருந்தாலாவது போதையில் உளறினேன் என்று சொல்லலாம். எனக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை.

இரண்டாவது ஊசிக்கு நாள் வந்தது. வேண்டாம் என்றேன். "ஆரம்பிச்சத முடிங்கப்பா" என்றாள் மகள். போனேன். டாக்டரம்மா கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், "குன்யித் தாக் போலே, அங்கிள்" என்றார். குன்யித் என்றால் மஞ்சள், தாக் போலே என்றால் கூடாது. இந்தத் தடவை ரத்தம் கட்டவில்லை. அந்த வாரம் பஸ்ஸில் ஒரு மலாய்க்கார அக்கா, லீவில் போய்விட்டு வந்தீர்களா அங்கிள், முகம் தெளிவாக இருக்கிறதே என்று கேட்டாள். நாள் முழுக்க எனக்கு அது இனித்தது. உள்கண்ணாடியை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டேன். வெங்காயச் சருகு கொஞ்சம் சதையாக மாறியிருந்தது நிஜம்தான்.

அந்த அம்மா போனில் நாள் சொல்லிக் கூப்பிட, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து பெரண்டாமில் அவர் வீட்டுக்குப் போனோம். நான், மனைவி, மகள், அக்கா. சின்ன வீடு, துடைத்து வைத்த மாதிரி சுத்தம். வாய் திறக்க மாட்டேன் என்று காரிலேயே மனைவிக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன். மாமா ஆஸ்திரேலியாவிலிருந்து வீடியோவில் வந்து, மீன் எப்படி இருக்கிறது என்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

அந்த அம்மா ஜக்கில் தேத்தண்ணி கொண்டுவந்தார். எங்கள் முன்னாலேயே கப்புகளில் ஊற்றினார். அக்காவுக்கு நிறைய. மனைவிக்கு நிறைய. மகளுக்கு நிறைய. எனக்கு அரைக் கப். என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு ஜக்கோடு நிமிர்ந்தார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. சம்பந்தம் பேச வந்தவனுக்கு அரைக் கப்பா? சீக்கிரம் குடித்துவிட்டுக் கிளம்பு என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? மனைவியின் விரல் என் தொடையில் அழுந்தியது. மகள் என்னைப் பார்த்தாள். அப்பா, வேண்டாம் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா என் கப்பைப் பார்த்தார். அப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஐயோ, அண்ணே" என்றார். ஜக்கைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. "மன்னிச்சுக்குங்க. பழக்கம். வீட்டுல ஆம்பளைக்கு ஊத்துனா கை தன்னால நின்னுருது. இவனோட அப்பாவுக்கு இருவது வருஷமா நான் அரைக் கப்தான் ஊத்துனேன். நிறைய ஊத்துனா கை நடுங்கிச் சிந்திடும். சிந்துச்சுன்னா பிள்ளை முன்னால அவருக்கே அவமானமா இருக்கும், என்னை அடிப்பாரு. அதனால அரைக் கப்."

பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு உங்க வீட்டுல எட்டுக் கப்பு தளும்பத் தளும்ப எடுத்துக்கிட்டு வந்தீங்களே, நான் உங்க கண்ணையா பாத்தேன்? கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு சாசர்ல ஒரு சொட்டு இல்ல. அப்பவே என் மனசுல முடிஞ்சிருச்சு."

"அப்ப ஏன்மா அன்னைக்கே சொல்லல?" சத்தியம் காற்றில் போயிற்று.

"நீங்கதான் போங்கன்னு சொல்லிட்டீங்களே அண்ணே" என்றார். முதல் தடவையாகச் சிரித்தார். "கண்ணு கெடக்குது. எங்கண்ணனுக்கும் அதே கண்ணுதான், அவரும் சொட்டுத் தொட்டவரில்ல. நான் போட்டோவ மட்டும் பாத்துட்டுக் கேட்டது என் தப்பு. உங்க பொண்ண எங்களுக்குக் குடுங்க."

மகள் அழுதாள். மனைவி அழுதாள். அக்கா எல்லாரையும்விடச் சத்தமாக அழுதது. என் கண்ணுக்குக் கீழேயும் ஈரமாயிற்று. தேய்க்கக் கூடாதே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த அம்மா ஜக்கைச் சாய்த்து என் கப்பை நிரப்பினார். பாதியில் கை ஒரு தடவை தயங்கியது. அப்புறம் விளிம்பு வரை, அதற்கும் மேலே ஒரு சொட்டு, பார்த்துப் பார்த்து ஊற்றினார். நான் அதை ஒரு கையால் தூக்கினேன். அவர் கண் என் கையிலேயே இருந்தது. சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோய், முழுசையும் குடித்து முடித்தேன்.

சீனி அதிகம். நான் சொல்லவில்லை. இன்னொரு கப் கேட்டேன்.